கதவடியில் நின்றால் கறுப்பு

இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு ஒளியைப் பற்றிப் படிப்பித்து வருகிறேன். ஒளி நேர்கோட்டில் செல்லும், தடை வந்தால் நிழல் விழும், நிற்கிற இடம் மாறினால் தெரிகிறதும் மாறும் என்றெல்லாம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், என் சொந்த வீட்டில், என் சொந்த மகளின் அறைவாசலில், பன்னிரண்டு நாட்கள் ஒரே இடத்தில் நின்று, உலகத்தில் எந்த விஞ்ஞான ஆசிரியரும் எட்டாத ஒரு முடிவுக்கு வந்தேன். அது நடந்து மூன்று வருடமாகிறது. இன்றைக்கும் யாராவது என் முன்னால் மடிக்கணினியைத் திறந்தால் நான் எழும்பி மற்ற அறைக்குப் போய்விடுகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன் (பாவசங்கீர்த்தனத்தில் பலமுறை சொன்னதுதான், சாமியாருக்கே அலுத்துவிட்டது). மற்றவர்கள் எழுதுவதையும் வாசிப்பதையும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. நான் படிப்பிக்கிற பாடசாலை நறுவிலிக்குளம் பக்கம் இருக்கிறது. மன்னார் நகரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் பாலத்தைக் கடந்து போவேன். இரண்டு பக்கமும் கடல், வானம் முழுக்கப் பறவைகள். எல்லாரும் யன்னலால் வெளியே பார்ப்பார்கள். நான் பக்கத்து ஆளின் தொலைபேசியைப் பார்ப்பேன். ஒருநாள் அப்படி வாசித்துக்கொண்டிருந்தவன் என்னை மறந்து, "அம்மாக்குக் காய்ச்சல் விட்டிட்டுதாமே, நல்லது" என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிட்டார். அது வெறும் உப்புவெளி. அங்கே அவருக்கு ஒரு வேலையும் இருந்திருக்காது.

எனக்கு ஒரே மகள், ஜெனிற்றா. உயர்தரப் பரீட்சை முடிவு வந்த வருடம் அவள் நாலு மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். ஒருநாள் நான் வாசலில் நின்று, "என்ன பிள்ளை யோசிக்கிறாய்?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் சாப்பிடவேயில்லை. வைத்தியரிடம் கூட்டிப்போய், மெல்ல மெல்லத் தேறி, பிறகு ஏதோ கணினிப் படிப்பு முடித்து எழும்பிவிட்டாள். ஆனால் அந்த நாலு மாதமும் எனக்குள்ளே இருந்து போகவில்லை. அன்றோடு அவளிடம் அவளைப் பற்றிக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன். பார்ப்பதை மட்டும் விடவில்லை.

அவளுக்குக் கொழும்புக் கொம்பனி ஒன்றில் வேலை கிடைத்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு ஏதோ செய்துகொடுக்கிற கொம்பனி. வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரமாக்குவார்கள். வேலையோடு ஒரு மடிக்கணினியும் வந்தது. தன் அறையில் முதுகு சுவருக்கு, வலப்பக்கம் அலுமாரி, இடப்பக்கம் கதவு என்று மேசையைப் போட்டுக்கொண்டாள். பின்னால் ஆட்கள் நடமாடினால் கமராவில் தெரியுமாம். கதிரைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு பூனைதான் போகலாம்.

ஆவணியில் பாடசாலை விடுமுறை தொடங்கியது. முதல்நாள் பத்து மணிக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு அவளுடைய அறைக்குப் போனேன். கதவடியில் நின்று வழக்கப்படி எட்டிப் பார்த்தேன்.

திரை கறுப்பாக இருந்தது. மங்கல்கூட இல்லை. அணைத்துவைத்த தொலைக்காட்சிபோலக் கறுப்பு. அந்தக் கறுப்பைப் பார்த்தபடி என் மகள் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, கரண்ட் போயிட்டுதோ?"

"இல்லையே அப்பா. ஃபான் சுத்துதுதானே. தேத்தண்ணிய அதில வையுங்கோ."

வைத்துவிட்டு வந்தேன். மனம் வைத்த இடத்தில் நிற்கவில்லை. பதினொரு மணிக்கு ஒரு பிஸ்கட் தட்டைச் சாட்டாக வைத்துக்கொண்டு போனேன். கறுப்பு. பன்னிரண்டரைக்கு, "சோறு போடட்டோ?" என்று கேட்கிற சாட்டில் போனேன். கறுப்பு. அந்த நேரம் அவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அந்தக் கறுப்பைப் பார்த்துப் புன்னகைத்து, இங்கிலீசில், ஓம் எனக்கு அது வடிவாகத் தெரிகிறது என்று சொன்னாள்.

எது தெரிகிறது?

நான் படித்தவன். உடனே கூச்சல் போடவில்லை. ஒரு கொப்பி எடுத்து அவதானிப்புகளைக் குறிக்கத் தொடங்கினேன். திகதி, நேரம், திரையின் நிலை, பிள்ளையின் முகபாவம். பரிசோதனையில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்வேன் அல்லவா? மாற்றினேன். காலையில் பார்த்ததைப் பின்னேரம் பார்த்தேன். தேத்தண்ணிக்குப் பதிலாகக் கோப்பி கொண்டுபோனேன். கண்ணாடி போட்டும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். செருப்புச் சத்தம் காரணமோ என்று வெறுங்காலோடு போனேன். யன்னல் சீலையை ஒருநாள் திறந்து வைத்தேன், ஒருநாள் மூடினேன். பன்னிரண்டு நாளில் நான் மாற்றாத ஒரேயொரு விஷயம், நான் நின்ற இடம். கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே வடிவான எழுத்தில் 'அவதானிக்கப்பட்ட இடம்: கதவடி' என்று நானே எழுதியிருக்கிறேன். அதை இப்போது வாசித்தால், என் மாணவன் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் பிரம்பெடுத்திருப்பேன் என்று தோன்றுகிறது.

கணினி பழுதாக இருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் சோதித்தேன். அந்தக் கிழமைதான் மடுமாதாவின் ஆவணித் திருநாள். என் மனைவி ரஞ்சிக்கு முழங்கால் நோ. அதனால் அந்த முறை நாங்கள் போகவில்லை. ஜெனிற்றா மடிக்கணினியை வீட்டு மண்டபத்துக்குக் கொண்டுவந்து திருநாளை நேரடியாகக் காட்டினாள். ரஞ்சி நடுவில் இருந்தாள், நான் மூலையில் இருந்தேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசல்வரை நின்றார்கள். எல்லாருக்கும் பளிச்சென்று தெரிந்தது. மாதாவின் முடியில் இருந்த கல்லைக்கூட மூலையிலிருந்து பார்த்தேன். எல்லாரும் செபித்தார்கள். எனக்குச் செபம் வரவில்லை. கணினியில் ஒரு பழுதும் இல்லையென்றால், பழுது எங்கே?

ரஞ்சி ஆஸ்பத்திரியில் தாதி. அவளிடம் கொப்பியைக் காட்டினேன்.

"ஓம், நானும் கண்டனான். கறுப்பாத்தான் கிடந்தது" என்றாள், வெங்காயம் உரித்தபடி. "இப்பத்தையச் சாமானுகள் எப்பிடியும் இருக்கும்."

"அவள் அதைப் பாத்துச் சிரிக்கிறாள், ரஞ்சி."

"சிரிக்கட்டுமன். பிள்ளை சாப்பிடுது, நித்திரை கொள்ளுது, என்னோட சண்டை பிடிக்குது. அதுக்கு ஒண்டுமில்ல. அவ்வளவு யோசனையெண்டால் நேர போய்க் கேளுங்கோவன்."

கேட்பதா? அந்த இரண்டு நாள் தொடாமல் வைத்த சோற்றுக் கோப்பையை ரஞ்சி மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. நான் கேட்டால் மீண்டும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள் என்ற பயம்தான் இந்தக் கதை முழுவதற்கும் காரணம். அதனால் என் பிள்ளையிடம் கேட்க வேண்டியதை, பேசாலையில் இருக்கும் என் அக்காவிடம் போய்க் கேட்டேன்.

பிலோமினா அக்கா அந்தப் பகுதிச் செபக்கூட்டத்தின் தலைவி. குரலும் அப்படி, உடம்பும் அப்படி. திருநாளுக்குப் போய்விட்டு அன்றுதான் மடுவிலிருந்து திரும்பியிருந்தா. நான் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டா.

"கறுப்பு ஸ்கிரீனைப் பாத்துச் சிரிக்குதோ?"

"ஓம் அக்கா."

"கதைக்கிறதும் இருக்கோ?"

"இருக்கு. இங்கிலீசில."

அக்கா கண்ணைத் திறந்தா. "அப்ப அது படிச்ச பேய், தம்பி."

நான் விஞ்ஞான ஆசிரியன். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்று பின்னேரம் நாலேகாலிலிருந்து நாலரைவரை இருந்தது.

"பிள்ளை எப்ப அதோட கூடக் கதைக்குது?"

"வியாழக்கிழமை பத்து மணிக்கு முக்கியமான மீற்றிங்காம். ஆரும் சத்தம் போடக்கூடாதெண்டு இப்பவே சொல்லிப்போட்டாள்."

"அப்ப அந்த நேரம்தான் நாங்கள் போகவேணும்" என்றா அக்கா.

வியாழக்கிழமை ரஞ்சிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. (அவள் வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.) பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க எங்கள் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. அக்காவும் செபக்கூட்டத்துப் பெண்கள் இருவரும் வெள்ளைச் சேலையில் இறங்கினார்கள். படலையை மறித்து இரண்டு கழுதைகள் வழக்கம்போல நின்றன. அக்கா குடையால் ஒன்றைக் குத்தி, "அங்கால போ, இண்டைக்கு உனக்கு நேரமில்லை" என்றா. அக்காவின் மற்றக் கையில் பழைய தைலப் போத்தல் ஒன்று இருந்தது. அதற்குள் மடு மாதா கோயில் மண். எங்கள் பக்கத்தில் பாம்பு கடித்தாலும் பயம் பிடித்தாலும் முதலில் தேடுவது அதைத்தான். எங்கள் வீட்டுப் பொந்து பொட்டெல்லாம் அது தூவித்தான் இருக்கிறது. படிச்ச பேய்க்கு எவ்வளவு போட வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

அறைக்கதவைத் திறந்தேன். ஜெனிற்றா காதில் கருவியோடு இருந்தாள். நல்ல சட்டை போட்டு, தலை வாரி இழுத்து, பொட்டு வைத்திருந்தாள். முன்னால் கறுப்பு. அதற்கு அவள் இங்கிலீசில் எதையோ மிகவும் மரியாதையாக விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது.

எங்களைக் கண்டதும் அவளுடைய கண் விரிந்தது. கையை மேசைக்குக் கீழே வைத்து, போங்கோ போங்கோ என்று விரலால் விரட்டினாள்.

"கண்டியே தம்பி, மாதான்ர மண்ணைக் கண்டதும் கலைக்குது" என்று அக்கா காதுக்குள் சொன்னா. அக்காவின் காதுக்குள் சொல்லுதல் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

பிறகு நடந்தவை எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் நடந்தவை. பெண்கள் இருவரும் மாதா பாட்டைத் தொடங்கினார்கள், ஒருத்தி ஒரு சுருதி கூட. அக்கா முன்னேறி, போத்தலைத் திறந்து, ஜெனிற்றாவின் தலையில் கவிழ்த்தா. பிள்ளை தலையைத் திருப்பினாள். பாதி மண் தலைமுடியில், பாதி விசைப்பலகையில். "மாமி, என்ன செய்யிறியள்!" என்று கத்தினாள். உடனே கறுப்பைப் பார்த்து இங்கிலீசில் மன்னிப்புக் கேட்டாள். பெற்ற மனம் அதற்குமேல் தாங்கவில்லை. நான் கதிரையடியில் முழங்காலில் விழுந்தேன்.

"பிள்ளை! அப்பாவைப் பார் பிள்ளை! அங்க ஒருத்தருமில்லை, ஒண்டுமில்லை, வெறும் கறுப்பு!"

சொல்லிக்கொண்டே அவளைக் கட்டிப்பிடிக்கக் கதிரைக்கும் சுவருக்கும் இடையில் என் தலையை நுழைத்தேன். என் முகம் அவளுடைய முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. முதல்தடவையாகத் திரையை நேருக்கு நேர் பார்த்தேன்.

வெளிச்சம்.

எனக்கு அதை எப்படிச் சொல்வதென்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு கணத்துக்கு முன் கறுப்பாக இருந்த இடத்தில் நிறங்கள் நிரம்பியிருந்தன. ஓரத்தில் வரிசையாக ஏழு முகங்கள், உயிருள்ள முகங்கள், வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் பெரிதாக ஒரு படம் இருந்தது. (அது என்ன படம் என்று எழுத மாட்டேன். ஏன் என்பது பின்னால் வரும்.) திடுக்கிட்டுத் தலையை இடப்பக்கம் இழுத்தேன். எல்லாம் மங்கி, சாம்பலாகி, கறுத்துப்போயிற்று. தலையைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஏழு முகங்களும் வந்தன. இடப்பக்கம், இல்லை. நடு, இருக்கிறார்கள்.

பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் மகளை மறந்தேன், அக்காவை மறந்தேன், பாட்டை மறந்தேன். முழங்காலில் நின்றபடி, மகுடிக்கு ஆடுகிற பாம்புபோலத் தலையை அங்கும் இங்கும் ஆட்டினேன். ஒரு விரற்கடை தூரத்தில் உலகம் இருந்தது. அந்த விரற்கடையைத் தாண்டினால் இல்லை. அதுவரை பத்தொன்பது வருடம் ஒளியைப் பற்றிப் பேசியிருந்தேன். ஒளி எனக்கு ஒரு வார்த்தையும் சொன்னதில்லை, அன்றுவரை.

"அக்கா! இஞ்ச ஓடிவாங்கோ! இதில நிண்டு பாருங்கோ! இஞ்ச வந்தாத் தெரியுது, அங்கால போனா இல்லை!"

அக்கா தன் பெரிய உடம்பைக் குனித்துத் தலையை நீட்டினா. பெண்கள் இருவரும் பாட்டை நிறுத்தாமலே அக்காவுக்கு மேலாக எட்டினார்கள். வந்தது, போனது, வந்தது. நாலு தலைகள், மேலும் கீழுமாக, ஒரே தாளத்தில் ஆடின. நடுவில், தலையில் மண்ணோடு, கல்லாகிப்போய் என் மகள். அவுஸ்திரேலியாவில் இருந்த ஐந்து பேரும் கொழும்பில் இருந்த இரண்டு பேரும் இதைத்தான் பார்த்தார்கள். அப்போதுதான் அக்கா நடுவில் இருந்த படத்தைக் கவனித்தா. "ஐயோ மாதாவே!" என்று ஒரு சத்தம். வாசலில் நின்ற கழுதை திருப்பிக் கத்தியது.

முகங்களில் ஒன்று வெள்ளித் தலைமுடி உடைய ஒரு பெண். தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களை உற்றுப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பாடசாலைப் பழக்கம். எழும்பி நின்று, கையைக் கட்டி, "குட் மோர்னிங், மேடம்" என்றேன். (எழும்பியதால் கமராவுக்கு என் தலை தெரியவில்லை. அந்தக் காலைவணக்கம் என் இடுப்பில் கட்டியிருந்த சாரத்திலிருந்து வந்ததாகத்தான் அவர்கள் கண்டிருப்பார்கள்.)

அந்த அமளியில் காதுக் கருவியின் வயர் கழன்றிருந்ததால் அவருடைய குரல் எங்களுக்கும் கேட்டது. அவர் மிகவும் அமைதியாக, இங்கிலீசில், ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஜெனிற்றா, இந்த ஆட்களுக்கு எங்கள் நோயாளியின் படம் தெரிகிறதா?"

பாட்டு நின்றுவிட்டது. ஜெனிற்றா திரையை மூடினாள்.

அக்காவும் பெண்களும் எப்படிப் போனார்கள் என்று எனக்கு நினைவில்லை. ஜெனிற்றா கட்டில் விளிம்பில் இருந்து தலையிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் கதவடியில் நின்றேன். அந்த இடம்தானே எனக்குப் பழக்கம்.

"அது நோயாளிகளின்ர விஷயம், அப்பா" என்றாள் கடைசியில். "வேற ஆரும் பாக்கக்கூடாது. கையெழுத்து வைச்சுத்தான் வேலைக்கு எடுத்தவை. அதுக்காகத்தான் இந்த ஸ்கிரீன். ஒரு பட்டனை அமத்தினா முன்னுக்கு இருக்கிற ஆளுக்கு மட்டும்தான் தெரியும்."

"திருநாளண்டு எல்லாருக்கும் தெரிஞ்சுதே?"

"அண்டைக்கு அமத்தேல்ல. மற்ற நாளில உங்கட செருப்புச் சத்தம் கேட்டாலே அமத்துவன்."

"வெறுங்காலோட வந்தனானே."

"தேத்தண்ணி மணக்கும்."

நான் என் கையை மணந்து பார்த்தேன்.

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே அப்பா?"

"அந்த வருசம் ஒருக்காக் கேட்டனான்" என்றேன். "நீ ரெண்டு நாள் சாப்பிடேல்ல."

அவள் மண் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அது நீங்க கேட்டதால இல்லையப்பா" என்றாள். "அண்டைக்கு நீங்க ஒராள்தான் கேட்டனீங்கள்."

நாலு வருடமாக நெஞ்சில் வைத்திருந்த கல். அதை அவள் அப்படி எடுத்து வெளியே போட்டாள், தலையில் இருந்த மண்ணைத் தட்டுவதுபோல. நான் அதற்குத் தகுதியானவன் இல்லை. ஏனென்றால் அவளுடைய வேலையை அப்போதுதான் கெடுத்து முடித்திருந்தேன்.

மூன்று மணிக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. அவள் தொலைபேசியோடு வேம்படிக்குப் போனாள். நான் யன்னலில் நின்று அவளுடைய முகத்தைப் பார்த்தேன். பக்கவாட்டில்தான் தெரிந்தது. இந்த முறை நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. இருபது நிமிடம் செபமாலையை மட்டும் உருட்டினேன்.

உள்ளே வந்தாள். "அப்பா, உங்கட கொப்பி எங்க?"

"எந்தக் கொப்பி?"

"என்னை நோட்டம் பாத்து எழுதின கொப்பி. அம்மா போனில சொன்னவ. கொம்பனி விசாரணை வைக்குதாம். இவ்வளவு நாளும் வீட்டு ஆக்கள் என்னென்ன பாத்தவை எண்டு நான் காட்டவேணும்."

கொப்பியைக் கொடுத்தேன். திருடன் தன் கையால் சாவியைக் கொடுப்பதுபோலத்தான் இருந்தது. அவள் கதிரையில் இருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பத்து மணி, கறுப்பு. பதினொரு மணி, கறுப்பு. கோப்பியோடு, கறுப்பு. கண்ணாடி இல்லாமல், கறுப்பு. மூன்றாம் பக்கத்தில் அவளுடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். (நான் அப்போதும் பக்கவாட்டில்தான் நின்றேன்.) சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துவிட்டாள்.

கொப்பியை முழுவதும் இங்கிலீசில் மாற்றி அனுப்பினாள். என் வாழ்நாளில் வெளிநாடு போன என்னுடைய ஒரே ஆய்வு அதுதான். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எட்டிப் பார்ப்பதில் இவ்வளவு ஊக்கமுள்ள ஒருவர், பன்னிரண்டு நாட்கள், நாளுக்கு ஐந்து ஆறு தடவை முயன்றும் ஒரு எழுத்தைக்கூடக் காணவில்லை என்பதால், ஜெனிற்றா இரகசியத்தை ஒழுங்காகக் காத்திருக்கிறாள் என்று விசாரணை ஏற்றுக்கொண்டதாம். வியாழக்கிழமை நடந்ததை வீட்டார் உள்ளே புகுந்த விபத்தாகக் கணக்கெடுத்தார்களாம். சோதித்துப் பார்க்கிற அந்த மூன்று மாதத்தை இன்னும் ஒரு மாதம் நீட்டினார்கள். அறைக்கதவுக்குப் பூட்டுப் போடச் சொன்னார்கள். அன்று திரையைக் கண்ட நாலு பேரும், கண்டதை எவருக்கும் சொல்வதில்லை என்று கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள்.

நாலு பேரும் வைத்தோம். அதனால்தான் அந்தப் படத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன். அது எங்கோ இருக்கிற ஒரு மனிதருடையது என்பதை மட்டும் சொல்கிறேன். அவருக்கும் வீட்டில் பயந்துகொண்டிருக்கும் ஒரு தகப்பன் இருக்கலாம். பஸ்ஸில் என்னிடமிருந்து தப்ப உப்புவெளியில் இறங்கிப் போன அந்த ஆளை நான் அன்றுதான் முதல்முறை நினைத்து வெட்கப்பட்டேன். அக்காவுக்குத்தான் பெரிய வேதனை. பேசாலையில் அக்காவின் வாயால் வெளிவராத ஒரே செய்தி அது. செபக்கூட்டத்தில் எதையாவது சொல்ல வாயெடுத்து, "அதை விடு, கையெழுத்து வைச்சிருக்கு" என்று நிறுத்துவாவாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை எதுவும் இல்லாத வெறும் திரையில், ஜெனிற்றா என்னைத் தன் கதிரையில் இருத்தி அந்த விசையைக் காட்டினாள். திரைக்குள் திரவப் பளிங்கு இருக்கிறதாம். திண்மமும் இல்லை, திரவமும் இல்லை, இரண்டுக்கும் நடுவே நிற்கிற பொருள். பின்னாலிருந்து வருகிற ஒளி மிக நுண்ணிய தடுப்புகளுக்கு நடுவால் நேராகத்தான் வருகிறது. சும்மா இருக்கும்போது ஓர் அடுக்குப் பளிங்குத் துணிக்கைகள் குழம்பிக் கிடந்து அந்த ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடும். மண்டபத்தில் எல்லாரும் பார்க்கலாம். கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால், மணியடித்ததும் பிள்ளைகள் வரிசைக்கு வருவதுபோல அவை ஒரே திசையில் நிமிர்ந்து நிற்கும். ஒளி சிதறாமல் நேரே போகும். பனைமட்டை வேலிக்கு முன்னால் நின்றால் இடுக்குகளால் உள்வளவு தெரிகிறது, சரிந்து நின்றால் மட்டை மட்டும்தான் தெரிகிறது அல்லவா, அந்த வேலையை ஒரு தாளின் தடிப்பில் செய்துவைத்திருக்கிறார்கள். அமத்தினேன். விட்டேன். அமத்தினேன். ரஞ்சி கதவடியில் நின்று, "இப்ப கறுப்பு, இப்ப தெரியுது, இப்ப கறுப்பு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். மத்தியானச் சாப்பாடு அன்று மூன்று மணிக்கு.

ஜெனிற்றா நிரந்தரமாகிவிட்டாள். அதே மடிக்கணினிதான். ஆனால் அந்த விசைக்குள் மட்டும் மடு மண் போய்விட்டது. எத்தனை தடவை துடைத்தும் வரவில்லை. அமத்தினால் 'நறுக்' என்று ஒரு சத்தம். வீட்டில் யாராவது எதையாவது என்னிடமிருந்து மறைத்தால், ரஞ்சி, "படிச்ச பேய் நிக்குது" என்பாள். ஜெனிற்றா வாயாலேயே, "நறுக்" என்பாள். கலியாணவீடு, செத்தவீடு என்று சொந்தக்காரர் கூடுகிற இடமெல்லாம் அக்கா தன் பெரிய தலையை அங்கும் இங்கும் ஆட்டிக் காட்டுவா. கையெழுத்தில் தலை ஆட்டக்கூடாதென்று எழுதியிருக்கவில்லையாம்.

இப்போதும் விடுமுறை நாட்களில் பத்து மணிக்குத் தேத்தண்ணி கொண்டுபோகிறேன். பூட்டு இருக்கிறது, தட்டுகிறேன். உள்ளே 'நறுக்' என்று கேட்கும். பிறகுதான், "வாங்கோ" என்பாள். ஒரு காலத்தில் அந்தக் கறுப்பைக் கண்டு என் உயிர் போனது. இப்போது அந்தச் சத்தம் கேட்டால்தான் என் பிள்ளை சுகமாக இருக்கிறாள் என்று நெஞ்சு ஆறுகிறது.

போன கிழமை தட்டினேன். சத்தம் கேட்கவில்லை. "வாங்கோ அப்பா" என்றாள். திறந்தால் திரை கதவுப்பக்கம் பளிச்சென்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. மறந்துவிட்டாளா, நம்பிவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. நான் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, மேசை இருக்கும் பக்கமாக நடந்தேன்.

"அப்பா, அது கட்டில்" என்றாள் ஜெனிற்றா.

ஆனால் தேத்தண்ணி அதற்குள் மெத்தைக்குப் போய்விட்டிருந்தது.